நாள் தவறினால் வழக்கு தவறும்

அத்தியாயம் 7: உரிமையியல், குற்றவியல் வழக்குகளின் நடைமுறை

குத்தம்பாக்கத்தில் உங்களுக்கு ஐந்து சென்ட் மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலை போய்ப் பார்க்கிறீர்கள். அத்துக்கல்லைக் காணோம். உங்கள் இடத்துக்குள் நாலடி தள்ளிப் புதிதாகக் கம்பிவேலி நிற்கிறது. கேட்டால், "எங்க பத்திரப்படி இதுவரைக்கும் எங்க இடம்தான்" என்கிறார் பக்கத்து மனைக்காரர். நேரே காவல் நிலையம் போகிறீர்கள். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்கள். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிவிட்டு, "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொரு மனு, இன்னோர் அதிகாரி, இன்னொரு பேச்சு என்று எட்டு மாதம் ஓடிவிடுகிறது.

அந்த எட்டு மாதத்தில் உங்களுக்குத் தெரியாமலே ஓர் உரிமையை இழந்துவிட்டீர்கள். சட்டப்படியான வழியில்லாமல் அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், "இடம் யாருக்குச் சொந்தம் என்பது இருக்கட்டும், முதலில் என் அனுபவத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்கும் எளிய வழக்கு ஒன்றைக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆம் பிரிவு தருகிறது. அதைப் போட 6 மாதம்தான் கெடு. இனி நீங்கள் உங்கள் உரிமையை ஆதியிலிருந்து நிரூபிக்கும் நீண்ட வழக்கைத்தான் போட வேண்டும்.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தது. காகிதமும் இருந்தது. கைவிட்டுப் போனது நாள். வழக்கு நடைமுறையில் இந்த அத்தியாயம் சொல்லவரும் ஒரே பாடமும் அதுதான்.

இந்தப் பாடம் பூந்தமல்லி வட்டாரத்துக்கு இப்போது மிகவும் தேவை. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய குத்தம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையத்துக்கு ஏறத்தாழ 25 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிறகு வயலும் தோப்புமாக இருந்த இடங்களின் மதிப்பே வேறு. முன்பு நாலடிக்காக யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. இன்று நாலடியின் விலை ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு.

எந்தக் கதவைத் தட்டுவது?

ஒரே தகராறில் இரண்டு கேள்விகள் இருக்கலாம். "இடம் யாருடையது, யார் அனுபவிப்பது?" என்பது உரிமையியல் கேள்வி. "யாராவது குற்றம் செய்தார்களா?" என்பது குற்றவியல் கேள்வி. முதலாவதற்கு விடை சொல்லும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. இரண்டாவதில் வரும் தண்டனையால் உங்கள் அத்துக்கல் தானாகத் திரும்பி வந்துவிடாது.

வேலி போட்டவர் கட்டையால் அடித்திருந்தால், கொலைமிரட்டல் விடுத்திருந்தால், போலிப் பத்திரம் தயாரித்திருந்தால், ஆள்மாறாட்டம் செய்து உங்கள் மனையை விற்றிருந்தால் அது குற்றம். தாராளமாகப் புகார் கொடுக்கலாம். அதோடு சிவில் வழக்கையும் தனியே தொடுக்க வேண்டும். ஒன்று நடக்கிறது என்பதற்காக மற்றதன் கெடு உங்களுக்காகக் காத்திராது.

வெறும் எல்லைத் தகராறைக் குற்ற வழக்காக மாற்றி எதிராளியைப் பணியவைக்கப் பார்ப்பது தவறான வழி. இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் இந்தப் போக்கைக் கண்டித்தது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: சிவில் பரிகாரம் இருக்கிறது என்பதாலேயே உண்மையான குற்றப் புகாரைத் தள்ளிவிட முடியாது. இரண்டு வரியையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத் தகராறு கைகலப்பாக வெடிக்கும் என்ற நிலை வந்தால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 164ஆம் பிரிவின்கீழ் நிர்வாகத்துறை நடுவர் விசாரித்து, யார் அனுபவத்தில் இருக்கிறார் என்று மட்டும் முடிவு செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 145ஆம் பிரிவாக இருந்தது. சொத்து யாருடையது என்பதை அவர் தீர்மானிக்க மாட்டார். அது சிவில் கோர்ட்டின் வேலை.

படி ஏறும் முன்

வக்கீலைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்.

1. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலைப் பத்திரமாக வையுங்கள்.

2. வில்லங்கச் சான்று. குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுப்பது நல்லது.

3. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. உரிமைக்கு அது மட்டுமே போதாது. அனுபவத்துக்கு நல்ல சாட்சி.

4. வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, சர்வேயரை வைத்து அளந்து அத்து காட்டிய அறிக்கை. எல்லை வழக்கில் பாதி சண்டை இங்கேயே தீர்ந்துவிடும்.

5. வேலி போட்ட நாள், பார்த்தவர்கள், எடுத்த புகைப்படங்கள் இவற்றோடு தேதி வாரியாக ஒரு பக்கக் குறிப்பு. செல்போன் வீடியோ, சி.சி.டி.வி. பதிவு இருந்தால் பதிவான கருவியையும் பாதுகாத்து வையுங்கள். மின்னணுப் பதிவின் பிரதியைச் சாட்சியமாக வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்.

எதிராளி உங்களுக்குத் தெரியாமல் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கிவிடுவார் என்ற பயம் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவின்கீழ் கேவியட் மனு போட்டு வைக்கலாம். அது 90 நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் அவர் மனு போட்டால் உங்களுக்கு அறிவிப்பு தர வேண்டும். 90 நாள் கழிந்தால் புதிதாகப் போட வேண்டும்.

அரசையோ அரசு அதிகாரியையோ எதிர்த்து வழக்கு என்றால், அதே சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி முன்னறிவிப்பு கொடுத்து 2 மாதம் பொறுத்திருக்க வேண்டும். உடனடியாகத் தடை வேண்டும் என்ற அவசரம் இருந்தால் கோர்ட்டின் அனுமதியோடு முன்னறிவிப்பு இல்லாமலும் தொடுக்கலாம்.

உரிமையியல் வழக்கு நடக்கும் விதம்

*பிராது.* நிலம் எந்த கோர்ட்டின் எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் நில வழக்கு. நீங்கள் மதுரையில் குடியிருந்தாலும் குத்தம்பாக்கம் மனைக்குப் பெரும்பாலும் பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்துக்கே வர வேண்டியிருக்கும். முன்சீப் கோர்ட்டா, சார்பு நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா என்பதை வழக்கின் மதிப்பு முடிவு செய்யும். மதிப்பைத் தப்பாகக் காட்டிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கோர்ட் சொல்லியும் சரிசெய்யாவிட்டால் பிராதே நிராகரிக்கப்படலாம்.

என்ன பரிகாரம் கேட்பது என்பதில் நிறைய வழக்குகள் கவிழ்கின்றன. உங்கள் உரிமையை எதிராளி மறுக்கவில்லை, தொந்தரவு மட்டும் செய்கிறார் என்றால் நிரந்தரத் தடை கேட்டால் போதும். உங்கள் உரிமையையே மறுத்து, அதற்கு ஓரளவு ஆதாரமும் காட்டுகிறார் என்றால் உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனுபவமும் போய்விட்டது என்றால் அனுபவ மீட்பையும் கேட்க வேண்டும். அனத்துல சுதாகர் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துத் தந்திருக்கிறது. நாலடி நிலம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது, தடை மட்டும் கேட்டுப் பத்து ஆண்டு வழக்கு நடத்தி என்ன பயன்? "வக்கீல் சார், இந்தப் பிராதுல நாம என்னென்ன கேட்டிருக்கோம்?" என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். விசாரணை தொடங்கிய பிறகு பிராதைத் திருத்துவது கடினம்.

*இடைக்காலத் தடை.* எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கிடைத்தால் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மனு, பிராது, ஆவணங்களின் நகலை அன்றோ மறுநாளோ எதிராளிக்கு அனுப்பி, அனுப்பியதற்குப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மனுவை 30 நாளில் முடிக்க கோர்ட் முயல வேண்டும் என்பது சட்டம். தடையை மீறினால் சொத்து முடக்கம், சிவில் சிறை வரை போகலாம்.

*சம்மன்.* இது உங்கள் வீட்டுக்கு வந்தால் தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டால் வழக்கு திரும்பிப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். வாங்க மறுத்தால் வாங்கியதாகவே கருதப்படும். கதவில் ஒட்டிவிட்டும் போகலாம். பிறகு நீங்கள் இல்லாமலே ஒருதலைத் தீர்ப்பு வரும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சார்பு செய்யப்படவில்லை என்றால் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும்.

*எதிர்வழக்குரை.* பிராதுக்கு நீங்கள் தரும் எழுத்துமூலப் பதில் இது. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேலும் தாமதமானால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை வாங்கித் தந்தவர்கள் நம் சேலத்து வக்கீல்கள். சிவில் நடைமுறையில் 1999இலும் 2002இலும் வந்த திருத்தங்களைச் சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு திருத்தங்களை ஏற்றுக்கொண்டு, 90 நாள் என்பதை மிக அபூர்வமான, கடினமான சூழலில் மட்டும் நீட்டிக்கலாம் என்றது. அபூர்வம் என்பதைக் கவனியுங்கள். வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, ஊரில் திருவிழா என்பதெல்லாம் அதில் சேராது.

எதிர்வழக்குரையில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியே மறுக்க வேண்டும். திட்டவட்டமாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாக கோர்ட் எடுத்துக்கொள்ளலாம்.

*வழக்கெழு வினாக்களும் சாட்சியும்.* இரு தரப்பும் எதில் முரண்படுகின்றன என்பதை நீதிபதி கேள்விகளாக எழுதுவார். அதன்பின் வழக்கு அந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் நடக்கும். முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகும். குறுக்கு விசாரணைக்கு நீங்கள் கூண்டேற வேண்டும். உங்கள் வாக்குமூலத்தை நாலு முறை படித்துவிட்டுப் போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது பலவீனம் ஆகாது. எல்லை பற்றிய சந்தேகம் நீடித்தால், சர்வேயரோடு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி அளக்கச் சொல்லி மனு போடலாம்.

*வாய்தா.* விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இந்த வரி அடிக்கடி மறக்கப்படுகிறது. மறந்துபோனதை நினைவுபடுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போது செலவுத்தொகை கேட்டு உங்கள் வக்கீல் ஆட்சேபிக்கலாம். அடுத்த நாள் எது என்பதை வக்கீல் குமாஸ்தாவை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தாவும் கடைசி நாள் நடந்ததும் தெரியும்.

*யாராவது இறந்துவிட்டால்.* நில வழக்குகள் சில நேரம் ஆயுளைத் தாண்டி ஓடும். இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்க 90 நாளுக்குள் மனு போட வேண்டும். இல்லாவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அடுத்த 60 நாளுக்குள் அதை மீட்க வழி உண்டு. அப்பா பெயரில் இருக்கும் வழக்கு எண்ணைப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

*தீர்ப்புக்குப் பின்.* மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போடுங்கள். நகல் தயாராகும் நாட்கள் கணக்கில் கழிக்கப்படும். ஜெயித்தவருக்கும் வேலை இருக்கிறது. அனுபவ மீட்புத் தீர்ப்பாணை வந்தவுடன் யாரும் வேலியைப் பிரித்துத் தர மாட்டார்கள். நிறைவேற்று மனு போட்டு, அமீனா வந்து எடுத்துக் கொடுத்தால்தான் இடம் கைக்கு வரும். அதற்கான கெடு 12 ஆண்டு. ஆனால் காத்திருப்பதால் எதிராளிக்கே லாபம். நிறைவேற்று மனுவை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

குற்றவியல் வழக்கு நடக்கும் விதம்

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய புத்தகத்தைப் பார்த்துப் புகார் எழுதாதீர்கள்.

*நீங்கள் புகார்தாரர் என்றால்:* பூந்தமல்லி, ஆவடி வட்டாரம் 2022 ஜனவரி 1 முதல் செயல்படும் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. சம்பவம் எந்த நிலைய எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது 173ஆம் பிரிவு. மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம். 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது இது. புதிய சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதனிலை விசாரணை நடத்தலாம்.

சி.எஸ்.ஆர். ரசீது உங்கள் மனு வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து ஏமாறாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். பதிய மறுத்தால் எழுத்துமூலம் தபாலில் உயரதிகாரிக்கு அனுப்புங்கள். அதிலும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் பிரமாண வாக்குமூலத்தோடு மனு செய்யலாம். தபால் ரசீதை வைத்திருங்கள். அந்த ரசீதுதான் நடுவர் முன் உங்கள் சாவி. புலன் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் காவல்துறை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

*நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால்:* 35(3) பிரிவின்கீழ் ஆஜராகச் சொல்லி அறிவிப்பு வந்தால் போய்விடுங்கள். போகிறவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது; ஒளிகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடும். மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரையோ உடல்நலிவுற்றவரையோ டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக்கூடாது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருக்கும்போது குற்றப்பத்திரிகை 60 நாளில், பெருங்குற்றங்களில் 90 நாளில் வராவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே மனு போட்டாக வேண்டும்.

ஆஜரான 14 நாளுக்குள் ஆவண நகல்கள் இலவசமாகத் தரப்பட வேண்டும். விடுவிக்கக் கோரும் மனுவுக்கு 60 நாள் கெடு. இது புதிதாக வந்த கெடு. பழைய பழக்கத்தில் இருப்பவர்கள் தவறவிடும் இடமும் இதுதான். வாதங்கள் முடிந்து 45 நாளுக்குள் தீர்ப்பு சொல்லப்பட வேண்டும். நடுவர் தண்டித்தால் அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாளில் மேல்முறையீடு. குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்துவிட்டால், பாதிக்கப்பட்டவரும் 413ஆம் பிரிவுப்படி மேல்முறையீடு செய்யலாம்.

ஊர்ப் பேச்சை கோர்ட் ஏற்கும்படி செய்வது

குத்தம்பாக்கம் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ளத் தெரிந்த ஊர். 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோவின் காலத்தில் கிராம சபைக்கும், சாதி பாராமல் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இரட்டை வீடுகளுக்கும் பேர்போன ஊர். பேசித் தீர்ப்பது வழக்கைவிட நல்லது. ஆனால் பெரியவர்கள் முன்னிலையில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அடுத்த தலைமுறை மறுத்தால் தாங்காது. நிலத்தின் உரிமையை மாற்றும் எழுத்து பதிவு செய்யப்பட வேண்டும்.

வழக்கு நிலுவையில் இருந்தால் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே எழுதப்படும் தீர்வு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று நியாயத்தை விட்டுவிட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சுவரில் ஒட்டி வைக்க: நாள் கணக்கு

அனுபவம் பறிபோனால் 6ஆம் பிரிவு வழக்கு: 6 மாதம்
உரிமை விளம்புகை மட்டும் கேட்கும் வழக்கு: 3 ஆண்டு
உரிமை அடிப்படையில் அனுபவ மீட்பு: 12 ஆண்டு
கிரய உடன்படிக்கையை நிறைவேற்றக் கேட்பது: 3 ஆண்டு
எதிர்வழக்குரை: 30 நாள், நீட்டித்தால் 90
ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்ய: 30 நாள்
வாரிசு சேர்க்க: 90 நாள்
கேவியட்: 90 நாள்
செக் திரும்பினால்: வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார்

தாமதத்தை மன்னிக்கக் கேட்க வழி இருக்கிறது என்று யாராவது தைரியம் சொல்வார்கள். மேல்முறையீட்டுக்கும் சில மனுக்களுக்கும் உண்டு. புதிதாகத் தொடுக்கும் சிவில் வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. கெடு தாண்டினால் நீதிபதி மனம் இளகினாலும் கை கட்டப்பட்டிருக்கும்.

ஆகவே கேட்டுக்கொள்வது ஒன்றே. வீட்டில் தொங்கும் தினக்காலண்டரில் உங்கள் வழக்கின் கெடு நாளை இன்றே சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வட்டம் போடுங்கள். அந்த முதல் வட்டம் வரும் நாளில் கோப்பை எடுத்துக்கொண்டு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.